கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்துக்கொண்டே பவர் எலக்ட்ரானிக்ஸும் டிரைவ்ஸும் படிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி, பிறகு பாலக்காட்டில் மின்பொறியியலில் பி.டெக்., இப்போது கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்காலையின் பராமரிப்புப் பிரிவில் பயிற்சியாளர். “டிரைவ் டிரிப் ஆனால் ரீசெட் அழுத்துவதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. பவர் எலக்ட்ரானிக்ஸையும் டிரைவ்ஸையும் முறையாகப் படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? கணக்கில் நான் சுமார்தான். வேலையை விட்டுவிட்டு எம்.டெக். சேரலாமா?” இதுதான் கேள்வி. (டிரைவ் என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி; டிரிப் என்றால் கோளாறு கண்டு அது தானாக நின்றுவிடுவது. அந்த மாற்றத்தைச் செய்யும் மின்னணுவியல்தான் பவர் எலக்ட்ரானிக்ஸ்.)

கேரள–தமிழக எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டிரைவ் சர்வீஸ் பார்த்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ரீசெட் அழுத்துவதில் குற்றமில்லை, தம்பி. அழுத்துவதற்கு முன் திரையில் என்ன இருந்தது என்று எழுதி வைக்காமல் அழுத்துவதுதான் குற்றம். டிரிப் ஆன நொடியில் டிசி பஸ் (உள்ளே வந்த ஏசி, டிசியாக மாறித் தேங்கும் இடம்) மின்னழுத்தம் எவ்வளவு, மோட்டாருக்குப் போன மின்னோட்டம் எவ்வளவு, அலைவெண் எத்தனை என்பதையெல்லாம் இன்றைய டிரைவ்களில் பெரும்பாலானவை நினைவில் வைத்திருக்கின்றன. அந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். மீதிப் பாதிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ஆற்றல் எங்கிருந்து வந்தது, எங்கே போக முயன்றது, வழியில் எங்கே தேங்கியது? இந்தப் படிப்பு முழுவதையும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே படித்துவிடலாம் என்பது என் கட்சி.

ஓர் அரிசி ஆலையில் பார்த்ததைச் சொல்கிறேன். கொதிகலனின் புகையை உறிஞ்சும் ஐ.டி. ஃபேன். ஓடும்போது ஒரு தொல்லையும் இல்லை. நிறுத்தும்போதெல்லாம் ‘ஓவர்வோல்டேஜ்’ என்று டிரிப். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் கோளாறு என்று மின்வாரியத்தைக் குறை சொல்லி ஒரு மாதம் போயிற்று. கன்ட்ரோல் கார்டை மாற்றினார்கள். புதிய கார்டும் அதே பல்லவியைப் பாடியது. உண்மையில் நடந்தது என்னவென்றால், யாரோ ஒருவர் நிற்கும் நேரத்தை 10 நொடியாகக் குறைத்து வைத்திருந்தார். அவ்வளவுதான்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அளவு விசிறிக்குச் சுழல் நிலைமம் 20 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 157 ரேடியன். நிலைமத்தில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், சுற்றும் விசிறியில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 246 கிலோ ஜூல். விசிறியை வேகமாக நிறுத்த டிரைவ் தன் அலைவெண்ணைக் குறைக்கிறது. ரோட்டார் அதைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருப்பதால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த ஆற்றலைத் திருப்பி அனுப்புகிறது. சாதாரண டிரைவின் முகப்பில் இருப்பது டயோடு பாலம். உள்ளே வர விடும், வெளியே போக விடாது. ஆக, வந்த ஆற்றல் டிசி பஸ் மின்தேக்கியில் தேங்க வேண்டும். 415 வோல்ட் வலையில் அந்த பஸ் வழக்கமாக 587 வோல்ட்டில் நிற்கும்; 800 வோல்ட்டை ஒட்டி டிரிப் ஆகும். மின்தேக்கி 5000 மைக்ரோஃபாரட் என்றால், 587 முதல் 800 வரை ஏறுவதற்குள் அது விழுங்கக்கூடியது சுமார் 740 ஜூல்தான். வருவதோ இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம்! மோட்டாரின் உள் இழப்புகளில் கொஞ்சம் கரையும் என்றாலும் இந்த இடைவெளி அடைபடுமா?

தீர்வுகளும் இந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. நிற்கும் நேரத்தை நீட்டலாம். பிரேக்கிங் ரெசிஸ்டர் போட்டு ஆற்றலை வெப்பமாக எரிக்கலாம். பணம் இருந்தால், மின்வலைக்கே திருப்பி அனுப்பும் முகப்பு வைத்த டிரைவ் வாங்கலாம். அந்த ஆலையில் விசிறி சட்டென்று நிற்க வேண்டிய அவசியமே இல்லாததால், மின்சாரத்தைத் துண்டித்துத் தானாகச் சுற்றி ஓயும்படி ஒரு பாராமீட்டரை மாற்றினேன். செலவு ஒரு ரூபாயும் இல்லை.

கணக்கில் சுமார்தான் என்றீர்களே, மேலே போட்டது பிளஸ் டூ அளவு இயற்பியல். தொழிற்சாலையில் நாள்தோறும் தேவைப்படும் கணக்கு இந்த அளவுதான். ஆழமாகப் போகும்போது ஃபூரியே தொடரும், வகைக்கெழுச் சமன்பாடும், ஆய மாற்றமும் வரும். அவை எதற்காக வருகின்றன என்று தெரிந்த பிறகு அவ்வளவு பயமுறுத்தாது.

இனி, எங்கிருந்து தொடங்குவது? கல்லூரிப் பாடத்திட்டம் பெரும்பாலும் எஸ்சிஆர் (தைரிஸ்டர்) என்ற மின்னணு ஸ்விட்சை எத்தனை வழிகளில் இயக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்பதில் தொடங்கி, மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுற்றுகளான கன்வெர்ட்டர்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசி அலகில்தான் மோட்டாரைத் தொடுகிறது. தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் அந்த அலகையும் ஆசிரியர் ஓட்டிவிடுவார். நான் தலைகீழாகப் படிக்கச் சொல்வேன். முதலில் சுமை, அடுத்து மோட்டார், அதற்கடுத்துதான் கன்வெர்ட்டர். சுமையின் முறுக்குவிசை வேகத்தோடு எப்படி மாறுகிறது என்று தெரியாதவருக்கு டிரைவ் தேர்ந்தெடுக்கத் தெரியாது. கன்வேயருக்கும் ரோலிங் மில்லுக்கும் விசிறிக்கும் கிரேனுக்கும் நான்கு வெவ்வேறு குணங்கள்.

உங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். தென்னைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆழ்துளைக் கிணறுதான். அங்கே விவசாயிகளிடம் “டிரைவ் போட்டால் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்து மின்சாரத்தைப் பாதியாக்கலாம்” என்று சொல்லி விற்கிறார்கள். சூத்திரம் சரியானது. திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், 0.8-ஐ மும்முறை பெருக்கினால் 0.512. ஆனால் அந்த மும்மடி விதி விசிறிக்கும், குழாய் உராய்வை மட்டும் எதிர்த்துத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்கும்தான் முழுமையாகப் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு முக்கியமாக எதிர்ப்பது உயரத்தை.

தண்ணீர் 200 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. பம்பு வால்வை மூடிய நிலையில் முழு வேகத்தில் 280 மீட்டர் வரை தள்ளக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளும் உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 80 சதவீத வேகத்தில் அது 179 மீட்டராகிவிடுகிறது. தண்ணீர் மேலே வந்து சேராது! மோட்டார் ஓடும், மீட்டர் ஓடும், தொட்டி காய்ந்திருக்கும். ‘மின்சாரம் பாதியானது’ என்பது உண்மைதான், தண்ணீரும் சேர்ந்தே போனது என்பதைச் சொல்லவில்லை. சோலார் பம்பு வைத்திருப்பவர்கள் காலையில் மோட்டார் சத்தம் கேட்டும் வெகுநேரம் தண்ணீர் வரவில்லை என்று புலம்புவதற்கும் இதுவே காரணம். வெயில் ஏறி, கிடைக்கும் திறன் கூடி, அலைவெண் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் முதல் சொட்டு வரும்.

அதே கிணற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. டிரைவ் மேலே, மோட்டார் 200 மீட்டர் கேபிளுக்கு அப்பால். டிரைவுக்குள் இருக்கும் ஐஜிபிடி என்ற வேகமான மின்னணு ஸ்விட்சு நொடியின் மிகச் சிறு பகுதியில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதால் ஒவ்வொரு துடிப்பும் கேபிளில் அலையாக ஓடி, மோட்டார் முனையில் எதிரொலித்துத் திரும்புகிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் டிசி பஸ்ஸைப் போல இரண்டு மடங்கு வரை, அதாவது 1170 வோல்ட்டை நெருங்கி எழும். தண்ணீருக்குள் ஊறிக்கிடக்கும் வைண்டிங்கின் காப்பு இதை நாள் முழுவதும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். டிரைவின் வெளியீட்டில், துடிப்புகளைச் சீரான அலையாக்கும் சைன் ஃபில்டர் போடாமல் விட்டுவிட்டு, “மோட்டார் கம்பெனி சரியில்லை” என்று கோவை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது வாடிக்கை. ரீவைண்டிங் கடைக்காரருக்கு லாபம்.

சுமையும் மோட்டாரும் பிடிபட்ட பிறகு கன்வெர்ட்டருக்கு வாருங்கள். இங்கே இரண்டு விதிகளை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் புத்தகம் தானாகத் திறக்கும். நிலைத்த இயக்கத்தில் ஒரு தூண்டியின் (கம்பிச்சுருளின்) மீது ஒரு சுழற்சியில் விழும் சராசரி மின்னழுத்தம் சுழியம். ஒரு மின்தேக்கி வழியே பாயும் சராசரி மின்னோட்டம் சுழியம். பக் (மின்னழுத்தத்தைக் குறைப்பது), பூஸ்ட் (கூட்டுவது) என்று எந்தக் கன்வெர்ட்டர் வந்தாலும் இந்த இரண்டையும் வைத்து வெளியீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தூண்டியில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்ட முடியாது. வெட்டினால் அதில் தேங்கிய ஆற்றல் ஏதாவது ஒன்றைக் கொளுத்திவிட்டுத்தான் ஓயும். ஃப்ரீவீலிங் டயோடு, ஸ்னப்பர் எல்லாம் அந்த ஆற்றலுக்கு வெட்டிவிட்ட வாய்க்கால்கள்.

சாதனங்களின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆலைக்குள் நுழைந்தால் எந்தக் காலத்துப் பேனல் முன் நிற்கிறோம் என்று புரியும். டிசி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு தனி மோட்டார்–ஜெனரேட்டர் ஜோடியையே வைக்கும் வார்ட் லியோனார்ட் முறை 1891-இல் வந்தது. 1950களின் கடைசியில் எஸ்சிஆர் சந்தைக்கு வந்ததும் அந்தச் சுழலும் இரும்பு மெல்ல ஒழிந்து, தைரிஸ்டர் பேனல் வந்தது. ஏசி மோட்டாரை டிசி மோட்டார்போலப் பணியவைக்கும் வெக்டர் கன்ட்ரோலின் அடிப்படை 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவானது. ஆனால் அது ஒவ்வொரு பட்டறைக்கும் வந்து சேர ஐஜிபிடியும் மலிவான மைக்ரோ கன்ட்ரோலரும் தேவைப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஐஜிபிடியை உருவாக்கிய ஜெயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர். 1969-இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றவர். 2024-இல் ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் பேனல் போர்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இனி, உங்களுக்கு வாய்த்திருக்கும் ஆய்வகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.டெக். மாணவர்கள் கணினித் திரையில் மட்டும் பார்ப்பதை நீங்கள் உயிரோடு பார்க்கிறீர்கள். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (காந்தப்புலத்தால் இரும்பை உருக்கும் உலை) பேனல் என்பது பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடத்தின் சரிபாதி. நம் பகுதியில் பரவலாக உள்ள இணை ஒத்ததிர்வு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் மின்சாரத்தை எஸ்சிஆர் பாலம் டிசி ஆக்குகிறது; டிசி சோக் என்ற பெரிய கம்பிச்சுருள் அந்த மின்னோட்டத்தைச் சீராக்குகிறது; இன்னொரு எஸ்சிஆர் பாலம் அதைச் சில நூறு ஹெர்ட்ஸ் ஏசியாக மாற்றி, காயிலும் மின்தேக்கிகளும் சேர்ந்த தொட்டிச் சுற்றுக்குக் கொடுக்கிறது.

எஸ்சிஆரை இயக்கிவிடலாம், கேட் வழியாக அணைக்க முடியாது என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் இரண்டாவது பாலத்தில் அது எப்படி அணைகிறது? தொட்டிச் சுற்றை அதன் ஒத்ததிர்வு அலைவெண்ணுக்கு (அது இயல்பாக ஊசலாடும் அலைவெண்ணுக்கு) சற்று மேலே ஓட்டுகிறார்கள். அப்போது அது மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்தும். அந்த முந்தும் இடைவெளியில் அணைய வேண்டிய எஸ்சிஆர் மீது எதிர் மின்னழுத்தம் விழுகிறது. அந்த இடைவெளி எஸ்சிஆருக்குத் தேவையான அணையும் நேரத்தைவிடக் குறைந்துவிட்டால், எல்லா எஸ்சிஆரும் ஒருசேரக் கடத்தி டிசி பக்கம் ஷார்ட் ஆகிவிடும். அந்த நொடியில் மின்னோட்டம் பாய்ந்து ஏறாமல் தாமதப்படுத்தி, பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொள்ள அவகாசம் தருவது சோக்.

சுவை இதற்குப் பிறகுதான். உருக்கும்போது காயிலின் தூண்டல் ஓரிடத்தில் நிற்பதில்லை. குளிர்ந்த இரும்புத்துண்டுகள் காந்தத் தன்மையோடு இருக்கும். சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தத் தன்மை போய்விடும். துண்டுகள் உருகி ஒன்றாகச் சேரும்போது மறுபடியும் மாறும். அதனால் ஒத்ததிர்வு அலைவெண் நகர்ந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோல் கார்டு அதைத் துரத்திக்கொண்டே போகும். பேனலில் உள்ள அலைவெண் மீட்டரைக் குளிர்ந்த சார்ஜிலிருந்து உருக்கை ஊற்றும் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கிலோவாட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். நான்கைந்து ஹீட்டுக்கு (ஒருமுறை உருக்கி ஊற்றுவது ஒரு ஹீட்) பிறகு அந்த வரைபடத்தைப் பார்த்தே உள்ளே இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வீர்கள். பழைய மெல்ட்டர்கள் இதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

குளிர்விக்கும் நீர் ஏன் கனிமம் நீக்கிய நீராக இருக்க வேண்டும் என்பதையும் விசாரியுங்கள். வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும் பாகங்களை ஒரே தண்ணீர்க் குழாய் இணைக்கிறது. நீரின் கடத்துதிறன் கூடினால் அந்தக் குழாயே கசிவுப் பாதையாகிவிடும்.

அடுத்தது ஹார்மோனிக்ஸ், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கலந்துவரும் மின்னோட்டம். ஆறு டயோடோ எஸ்சிஆரோ கொண்ட ஆறு துடிப்புப் பாலம் மின்வலையிலிருந்து 5, 7, 11, 13 என்ற மடங்குகளில் மின்னோட்டத்தை இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு செகண்டரியை ஸ்டாரிலும் மற்றொன்றை டெல்டாவிலும் வைத்து 30 டிகிரி விலக்கம் உண்டாக்கினால் 5-உம் 7-உம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இதுதான் பன்னிரண்டு துடிப்பு. இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் பயன்படும் பங்கை) திருத்த மாட்டிய மின்தேக்கிகள் எப்படி எரிகின்றன என்பதை எல்லாப் புத்தகமும் சொல்வதில்லை. 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 5 சதவீத இம்பீடன்ஸ் என்றால் ஷார்ட் சர்க்யூட் திறன் ஏறத்தாழ 20,000 கேவிஏ. அதோடு 400 கேவிஏஆர் மின்தேக்கியை இணைத்தால், ஒத்ததிர்வு எந்த மடங்கில் விழும் என்பதற்கு 20,000-ஐ 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருவது 7.07. ஆறு துடிப்பு டிரைவ்கள் அதே பஸ்ஸில் இருந்தால் ஏழாம் மடங்கு சரியாக அந்தக் குழியில் போய் விழும். மின்தேக்கி உப்பி வெடிக்கும். ஒவ்வொரு முறையும் புதிய மின்தேக்கி வாங்கி மாட்டுவதற்குப் பதில், 7 சதவீத ரியாக்டரைத் தொடரில் சேர்த்தால் அந்தக் கிளையின் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு, அதாவது ஐந்தாம் மடங்குக்குக் கீழே, இறங்கிவிடும்.

வெக்டர் கன்ட்ரோலைப் பற்றிப் பயப்படாதீர்கள். டிசி மோட்டாரில் காந்தப்புலத்துக்கு ஒரு வைண்டிங், முறுக்குவிசைக்கு ஒரு வைண்டிங் என்று தனித்தனியாக இருக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டாரில் இரண்டும் ஒரே மின்னோட்டத்தில் கலந்து கிடக்கின்றன. சுழலும் காந்தப்புலத்தின் மேல் ஏறி நின்று பார்த்தால் அந்த மின்னோட்டம் புலத்தோடு சேர்ந்த பகுதி, அதற்குச் செங்குத்தான பகுதி என்று இரண்டாகப் பிரியும். பிரித்த பிறகு இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். ஆய மாற்றம் என்ற கணக்கெல்லாம் அந்தச் சுழலும் இடத்துக்கு ஏறிப்போக ஓர் ஏணி. டிரைவில் ‘ஆட்டோ டியூன்’ கொடுக்கும்போது அது மோட்டாரின் மின்தடை, தூண்டல் ஆகியவற்றை அளக்கிறதே, அது இந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்யத்தான். எளிய விசிறிக்கும் பம்புக்கும் இவ்வளவு வேண்டாம். 415 வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் என்ற விகிதத்தைக் காப்பாற்றினாலே போதும். பளுவைத் தொங்கவிட்டு நிறுத்த வேண்டிய கிரேனுக்கு அது போதாது. அங்கே சுழற்சியை அளக்கும் என்கோடர் வைத்த வெக்டர் கன்ட்ரோல் வேண்டும்.

வீட்டில் பயிற்சிக்கு என்ன செய்வது? ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் அதற்கேற்ற சிறிய டிரைவும் பழையதாகக் கோவையில் கிடைக்கும். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து, ஒவ்வொரு பாராமீட்டரையும் மாற்றி, என்ன ஆகிறது என்று பாருங்கள். கன்வெர்ட்டர் கட்டிப் பார்க்க 12 வோல்ட் பக் கன்வெர்ட்டரில் தொடங்குங்கள். மின்வலையைத் தொட அவசரம் வேண்டாம். எல்டிஸ்பைஸ் என்ற இலவச மென்பொருளில் முதலில் ஓட்டிப் பார்த்து, பிறகு பலகையில் கட்டி, இரண்டு அலைவடிவமும் எங்கே வேறுபடுகின்றன என்று தேடுங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வகுப்புகள் இலவசம். பவர் எலக்ட்ரானிக்ஸுக்கு அங்கே குறைவில்லை. ஐந்து ஆசிரியர்களை மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஒருவரையே கடைசி வரை பின்தொடருங்கள்.

அளக்கும் விஷயத்தில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரில் டிரைவின் வெளியே 40 ஆம்பியர், உள்ளே 10 ஆம்பியர் என்று காட்டும். மீட்டர் பழுது என்று நினைப்பார்கள். குறைந்த வேகத்தில் முழு முறுக்குவிசை வேண்டுமென்றால் மோட்டாருக்கு முழு மின்னோட்டம் போகத்தான் வேண்டும். ஆனால் வேகம் குறைவு என்பதால் திறன் குறைவு, வலையிலிருந்து இழுப்பதும் குறைவு. ஆற்றலை எண்ணினால் குழப்பமில்லை. வெளியீட்டு மின்னழுத்தத்தைச் சாதாரண மல்டிமீட்டரில் பார்த்து நம்பிவிடாதீர்கள். துடிப்பு வடிவத்தை அது தப்பாகப் படிக்கும்.

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் டிரைவ் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மின்தேக்கிகளில் 587 வோல்ட் உட்கார்ந்திருக்கும். மூடியில் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் காத்திருந்து, பிறகு பிளஸ், மைனஸ் முனைகளில் மீட்டர் வைத்து இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். மோட்டாரை மெக்கர் போடும்போது (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பைச் சோதிக்கும்போது) கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போவது மோட்டார் அல்ல, டிரைவ். ஆசிலோஸ்கோப்பின் எர்த் முனையை வெட்டிவிட்டு அளக்கும் ‘தந்திரத்தை’ யாராவது சொல்லிக் கொடுத்தால் வேண்டாம் என்று கும்பிடு போடுங்கள். இரு முனைகளுக்கு இடையே பாதுகாப்பாக அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வாங்கித் தரும்படி மேலாளரைக் கேளுங்கள்.

எம்.டெக். கேள்விக்கு வருகிறேன். டிரைவைப் பராமரிக்கவும், தேர்ந்தெடுக்கவும், கமிஷனிங் செய்யவும் எம்.டெக். தேவையில்லை. மேலே சொன்னதோடு, இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினியான பிஎல்சியும், மாட்பஸ், புரோஃபிநெட் போன்ற தொடர்பு முறைகளும் தெரிந்தால் கோவை, கஞ்சிக்கோடு வட்டாரத்தில் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. டிரைவை வடிவமைக்க வேண்டும், மின் வாகனக் கன்ட்ரோலரோ சோலார் இன்வெர்ட்டரோ உருவாக்கும் குழுவில் சேர வேண்டும் என்றால் எம்.டெக். வேண்டும். அங்கே காந்தச் சுற்று வடிவமைப்பு, கன்ட்ரோல் தியரி, வெப்பக் கணக்கு, மைக்ரோ கன்ட்ரோலர் நிரல் எல்லாம் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும். அதைத் தனியாக இரவு ஷிப்ட் முடிந்து வந்து கற்றுக்கொள்பவர்கள் அபூர்வம்.

எங்கே என்றால், நீங்கள் தினமும் கடந்துபோகும் கஞ்சிக்கோட்டிலேயே 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி இருக்கிறது. பவர் எலக்ட்ரானிக்ஸும் பவர் சிஸ்டம்ஸும் சேர்ந்த எம்.டெக். அங்கே உண்டு. கோழிக்கோடு, திருச்சி என்ஐடி இரண்டிலும் பவர் எலக்ட்ரானிக்ஸில் எம்.டெக். உண்டு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ‘பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ்’ என்ற பெயரிலேயே எம்.இ. இருக்கிறது. எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு மாநில ஒதுக்கீடு என்றாலே தலைவலி. இங்கே போனால் கேரளாக்காரன், அங்கே போனால் தமிழன். எம்.டெக். சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வான கேட் வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற கலந்தாய்வு, ஐஐடிகள் தரும் இடத்தை ஏற்றுக்கொள்ள கோஆப் என்ற தளம் என்று இந்தியா முழுமைக்கும் பொதுவான முறைகள். கேட் தேறிச் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கேட் மின்பொறியியல் தாளில் மின் இயந்திரங்களும் பவர் எலக்ட்ரானிக்ஸும் தனித்தனிப் பகுதிகள்; ஆகவே இப்போது படிப்பது எதுவும் வீணாகாது.

வேலையை இன்றைக்கே விடாதீர்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும். தேர்வை எழுதி மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபர்னஸ் பக்கத்தில் இன்னும் ஓராண்டு நில்லுங்கள். அந்த ஓராண்டு அனுபவத்தோடு வகுப்பில் உட்காருபவருக்கும் நேரே வந்து உட்காருபவருக்கும் வித்தியாசம் முதல் செமஸ்டரிலேயே தெரியும். இடம் கிடைத்ததும் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்தத் துறையின் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். மோட்டாருக்குச் சுமை ஏற்றிச் சோதிக்க இணைத்து வைத்த ஜோடி இயந்திரம் இருக்கிறதா, மாணவர்கள் தாமே வடிவமைத்த கன்வெர்ட்டர் பலகைகள் மேசையில் கிடக்கின்றனவா, அவற்றில் எரிந்துபோனவை எத்தனை, எரிந்தால் இன்னொன்று செய்யப் பணம் தருகிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். எல்லாப் பலகையும் பளபளவென்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும்; தேர்வு பிப்ரவரியில்.